உறை ஊற்றிய பால் உறையவில்லை: மடிநோய்க்குப் பச்சிலை மருந்து எதுவரை கேட்கும்?

கொறங்காட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கமுங்க. காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டம். கறவையில் நான்கு கலப்பின மாடு, கொறங்காடு என்று நாங்கள் சொல்லும் மேய்ச்சல் நிலத்தில் மேய இரண்டு காங்கேயம் மாடு. போன மாதம் நடந்ததைச் சொல்லி ஒரு கேள்வி கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

செவலை என்று ஒரு மாடு, இரண்டாவது ஈத்து. பின்பக்கம் இடது காம்பில் பால் திரிதிரியாக வந்தது. மடி கல்லாட்டம் இறுகிப்போய், கை வைத்தாலே காலைத் தூக்கியது. பக்கத்தில் மாட்டுக்கு ஊசி போடுகிற ஒருவரைக் கூப்பிட்டோம். ஊசி போட்டு, காம்புக்குள் விடும் ட்யூப் மருந்தும் கொடுத்தார். மூன்று நாளில் வீக்கம் வடிந்தது. பால் எத்தனை நாள் எடுக்கக் கூடாது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்காம் நாள் வீட்டுக்காரம்மா அந்தப் பாலைக் காய்ச்சி உறை ஊற்றினார். மறுநாள் காலையில் திறந்தால் பால் பாலாகவே இருக்கிறது. உறைமோர் கெட்டிருக்கும் என்று பக்கத்துத் தோட்டத்தில் வாங்கி வந்து மறுபடி ஊற்றினோம். அதுவும் உறையவில்லை. அப்புறம்தான் புரிந்தது: பாலில் மருந்து இறங்கியிருக்கிறது, தயிர்க் கிருமியையும் அது கொன்றிருக்கிறது. அந்தப் பாலைத்தான் என் பேத்தி இரண்டு நாளாக டம்ளர் டம்ளராகக் குடித்தாள். இரண்டு வேளை பால் சங்கத்துக்கும் போய்விட்டது. இன்றுவரை அது மனதை உறுத்துகிறது.

அதன் பிறகு கருப்பி என்ற மாட்டுக்கு அதே நோய் தலைகாட்டியது. இந்தத் தடவை ஊசி வேண்டாம் என்று சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசினோம். நான்கே நாளில் பால் தெளிந்தது. மறுவாரம் தயிர் கட்டியாக உறைந்தது. எங்களுக்குச் சொல்ல முடியாத சந்தோசம்.

ஆனால் இருபது நாள் கழித்து செவலைக்கு அதே காம்பில் மறுபடி வந்தது. அதே கற்றாழை, அதே மஞ்சள். ஏழு நாள் பூசியும் கேட்கவில்லை. ஒரே மருந்து ஒரு மாட்டுக்குக் கேட்டு இன்னொன்றுக்குக் கேட்காதது ஏனுங்க? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்காடு | ஞாயிறு, இரவு 9.35

அண்ணா, முதலில் ஒன்று கேட்கிறேன். மஞ்சள் எங்கே வாங்கினீர்கள்? கொடுமுடிப் பக்கம் நாங்கள் மூன்று தலைமுறையாக மஞ்சள் போடுகிறோம். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் மண்டிக்குப் போகும் மஞ்சள் வேறு, கடையில் தூளாகத் திரும்பி வரும் மஞ்சள் வேறு. பளபளப்புக்காகச் சாயம் ஏற்றிய விரலி மஞ்சளை நானே பார்த்திருக்கிறேன். பங்களாதேசத்தில் லெட் குரோமேட் என்ற ஈய நிறமியை மஞ்சளுக்கு ஏற்றியதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். காம்பில் புண் இருக்கிற மாட்டுக்கு அப்படிப்பட்டதைப் பூசலாமா?

வேக வைத்துக் காயப்போட்ட விரலியை நீங்களே வாங்கி மாவு மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். விரலியை உடைத்தால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மெழுகு போல மின்ன வேண்டும். மஞ்சளுக்கு நிறமும் குணமும் தரும் குர்குமின் என்ற பொருள் நல்ல மஞ்சளில்கூட நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான் இருக்கும், ரகத்தைப் பொறுத்து ஏறும் இறங்கும்.

கொறங்காட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 9.50

வீட்டு மஞ்சள்தானுங்க தம்பி. சித்தப்பா தோட்டத்தில் விளைந்தது, மில்லில் அரைத்தது. இரண்டு மாட்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் எடுத்தேன்.

ஓய்வில்_கால்நடை | திங்கள், காலை 5.40

நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசு கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் நான் கை வைக்காத கட்டுத்தரை குறைவு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பூசிய மருந்து வாய்வழி வந்த வெறும் பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மூலிகை மருத்துவ மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி இதை அளவோடு வகுத்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். தேசிய பால்வள வாரியமும் இதை எடுத்துப் பல மாநிலங்களில் பரப்பியது. அளவு இதுதான்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். முள்ளை மட்டும் சீவிவிட்டு மடலோடு அரைக்க வேண்டும். அரைத்ததில் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, மடியைக் கழுவி, பாலை ஒட்டக் கறந்துவிட்டு, மடி முழுக்கப் பூச வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்துத் தடவை, ஐந்து நாள். கூடவே தினம் இரண்டு எலுமிச்சை, மூன்று நாளைக்குத் தின்னக் கொடுக்க வேண்டும்.

பலர் தவறுவது இரண்டு இடத்தில். காலையில் ஒரு தடவை, பொழுதோட ஒரு தடவை பூசிவிட்டுக் கேட்கவில்லை என்பார்கள். இன்னொன்று, ஐந்து நாளைக்கும் சேர்த்து ஒரே நாளில் அரைத்து வைத்துக்கொள்வார்கள். சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறுகிறதே, கவனித்திருப்பீர்கள். குங்குமம் செய்யும் அதே வித்தைதான். தண்ணீரில் கரையவே கரையாத குர்குமின் சுண்ணாம்பின் காரத்தில் கொஞ்சம் கரைகிறது, நல்லது. ஆனால் அதே காரத்தில் சீக்கிரம் சிதைந்தும் போகிறது. அதனால் தினமும் புதிதாக அரைக்க வேண்டும். நேற்று அரைத்தது நேற்றோடு போயிற்று.

இனி உங்கள் கேள்வி. செவலைக்கு வந்ததும் கருப்பிக்கு வந்ததும் ஒரே நோயாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மடிநோய் என்பது ஒரு பெயர்தான், உள்ளே இருக்கும் கிருமி பல. ஈ.கோலை என்ற சாணிக் கிருமி திடீரென்று வரும். லேசாக வந்தால் மாடு பலமாக இருக்கிற நேரத்தில் மருந்தே இல்லாமலும் போய்விடும். கருப்பிக்கு வந்தது அந்த வகையாக இருக்கலாம், கற்றாழை வீக்கத்தைத் தணித்துக் கை கொடுத்திருக்கலாம். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வேறு சாதி. மடிச் சதைக்குள் சின்னச் சின்னச் சீழ்க்கட்டியாகச் சுவர் கட்டிக்கொண்டு உட்காரும், ரத்த அணுவுக்குள்ளேயே ஒளிந்தும் இருக்கும். அதற்கு வெளியே பூசுவதும் எட்டாது, பல நேரம் ட்யூபும் எட்டாது. இருபது நாளில் அதே காம்பில் திரும்பி வருகிறது என்றதும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருகிறது.

ஒன்று செய்யுங்கள். காம்பைக் கழுவித் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் நுனியை ஒற்றி, முதல் பீச்சுகளைத் தரையில் விட்டுவிட்டு, அடுத்ததைக் கொதிக்க வைத்து ஆறிய சின்னச் சீசாவில் பிடியுங்கள். பனிக்கட்டி போட்ட டப்பாவில் வைத்து கால்நடை நோய்ப் புலனாய்வு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி உங்கள் ஊர் மருத்துவரிடம் கொடுங்கள். என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. மாடு தீவனம் எடுக்காமல், காது சில்லிட்டு, மடி நீலம் பாய்ந்து, எழுந்திருக்கத் தடுமாறினால் கற்றாழை அரைக்க உட்காராதீர்கள். கிருமியின் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடுங்கள்.

கொறங்காட்டுக்காரன் | திங்கள், காலை 6.15

டாக்டருங்க, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கருப்பிக்கு நாளைக்கு எட்டுத் தடவை பூசினோம், அப்போது மகள் லீவில் வந்திருந்தாள். செவலைக்கு மூன்று தடவைதான். அதுவும் மாவரைக்கும் சட்டியில் ஒரு தடவை அரைத்ததை மூன்று நாள் வைத்துக்கொண்டோம். சீசா இன்றைக்கே கொடுத்துவிடுகிறேன்.

அகார்தட்டு | திங்கள், பகல் 1.20

வணக்கம். கோவையில் நுண்ணுயிரியல் முதுகலை முடித்தவள் நான். என் ஆய்வே மூலிகைச் சாரமும் கிருமியும்தான் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் இதே ஆய்வு நடக்கும். துளசி, வேம்பு, தும்பை, கீழாநெல்லி, ஆவாரை என்று ஒரு செடியை எடுப்போம். நிழலில் காயவைத்துத் தூளாக்கி, மெத்தனாலிலோ எத்தனாலிலோ ஊறவைத்து வடிப்போம். கரைப்பான் ஆவியானதும் கிண்ணத்தின் அடியில் கரும்பச்சையாகத் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் சாரம். அப்புறம் அகார் தட்டில், அதாவது கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டில், கிருமியைத் தேய்த்து, சின்னக் குழி போட்டு, சாரத்தை அதில் விட்டு ஒரு இரவு அடைகாப்பானில் வைப்போம். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி வெண்படலமாக வளர்ந்திருக்கும். குழியைச் சுற்றி மட்டும் நிலா வட்டம் போலத் தெளிவாக இருந்தால், அத்தனை தூரத்துக்குச் சாரம் கிருமியைத் தடுத்திருக்கிறது. முதல் தடவை அந்த வட்டத்தைப் பார்த்தபோது அழுதே விட்டேன். என் அம்மிச்சி சொன்னதெல்லாம் உண்மை என்று தோன்றியது.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழியில் நான் விட்ட சாரம் 10 மில்லிகிராம். பக்கத்தில் ஒப்பிட வைத்த ஜென்டமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து வில்லையில் இருந்தது 10 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு அதிகமாகக் கொட்டிவிட்டு, வட்டம் ஏறக்குறைய சமமாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அவ்வளவு அடர்த்தியை உடம்புக்குள் ரத்தத்தில் கொண்டுவரவே முடியாது. வட்டத்தின் அளவும் முழுசாக நம்பக்கூடியதில்லை. எண்ணெய்த் தன்மை உள்ள பொருள் அகாருக்குள் பரவாது, அதனால் நல்ல மருந்துக்குக்கூட வட்டம் சின்னதாக வரும். துவர்ப்புத் தரும் டானின் எந்தப் புரதத்தையும் பிடித்து இறுக்கும், அதனால் கருவேலம்பட்டை போன்றவற்றுக்கு வட்டம் தாராளமாக வரும், ஆனால் குடித்தால் டானின் குடலைத் தாண்டாது.

அதனால் டாக்டர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சாரம் கிருமியை நேரடியாகத் தொடுகிற இடத்தில் அந்த அடர்த்தி சாத்தியம். தோல், ஈறு, தொண்டை, காம்பு. அங்கே பச்சிலைக்கு வலு உண்டு. அங்கிருந்து உள்ளே போகப் போக வலு குறைந்துகொண்டே வரும். கிராம் நெகட்டிவ் என்ற வகைக் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு உறை இருப்பதால் ஈ.கோலை, க்ளெப்சியெல்லா மாதிரியானவற்றிடம் பெரும்பாலான சாரங்கள் தோற்றுவிடும். என் தட்டிலும் அப்படித்தான்.

அந்தியூர்_அம்மிணி | திங்கள், இரவு 7.05

கண்ணு, நீ படித்த பிள்ளை, சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அறுபத்தெட்டு வயது. பர்கூர் மலை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள். காலில் அரிவாள் பட்டால் வரப்பில் இருக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாற்றை விடுவோம், ரத்தம் நிற்கும். சிரங்குக்குக் குப்பைமேனியும் உப்பும் மஞ்சளும். கண்ணாரப் பார்த்துக் கேட்டது இது. தட்டில் வட்டம் வந்தால்தான் நம்புவேன் என்றால் எங்கள் ஆத்தா காலத்தில் நாங்கள் எல்லாம் எப்படிப் பிழைத்தோம்?

குப்பைமேனியை உள்ளுக்கும் கொடுப்போம். சளிக்கும் பூச்சிக்கும் சாறு பிழிந்து.

அகார்தட்டு | திங்கள், இரவு 7.40

அம்மிச்சி, நான் நம்பாதவள் இல்லைங்க. நீங்கள் சொன்ன வெட்டுக்காயமும் சிரங்கும் சாறு தொடும் இடம்தானே, அங்கே நான் உங்கள் பக்கம். ஆனால் குப்பைமேனிச் சாறு உள்ளுக்குக் கொடுப்பதில் பயம் இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே ரத்தச் சிவப்பணுவில் ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. இலங்கையில் அப்படிப்பட்டவர்கள் குப்பைமேனியை உணவில் சேர்த்துச் சாப்பிட்டுச் சிவப்பணு உடைந்து, சிறுநீர் கறுத்து, ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

குடிநீர்ச்சட்டி | திங்கள், இரவு 10.10

கோபியில் சித்த மருத்துவம் பார்க்கிறேன், பிஎஸ்எம்எஸ் படித்தவன். அகார்தட்டு சொன்னதற்கும் அந்தியூர் அம்மிணி சொன்னதற்கும் நடுவில் ஒரு விசயம் விட்டுப்போகிறது. எந்தச் செடி என்று மட்டும் பேசுகிறோம், எப்படி எடுத்தது என்று பேசுவதில்லை.

எங்கள் முறையில் சாறு வேறு, கற்கம் என்ற அரைத்த விழுது வேறு, குடிநீர் என்று நாங்கள் சொல்லும் கசாயம் வேறு, தைலம் வேறு. தண்ணீரில் இறங்குவது எண்ணெயில் இறங்காது. வெப்பாலை இலையை எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளிப் போட்டுத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வையுங்கள். முதல் நாளே எண்ணெய் கத்தரிப்பூ நிறமாக மாறத் தொடங்கும், சில நாளில் சீசாவே கருநீலமாக இருக்கும். அதே இலையைத் தண்ணீரில் எத்தனை கொதிக்க வைத்தாலும் அந்த நிறம் வராது. செதில் உதிரும் தோல் நோய்க்கு நாங்கள் அந்த எண்ணெயைத் தருகிறோம், இலைக் கசாயத்தைத் தருவதில்லை.

புண்ணுக்கு மத்தன் தைலம் காய்ச்சுகிறோம். ஊமத்தை இலைச் சாறு, தேங்காயெண்ணெய், மயில்துத்தம் என்ற செம்பு உப்பு. சாற்றில் இருக்கும் நீர் முழுக்கச் சுண்டும்வரை சிறுதீயில் வைத்து, அடியில் தங்கும் வண்டலை விரலில் உருட்டிப் பதம் பார்ப்போம். மெழுகு போல ஒட்டினால் ஒரு பதம், மணல் போல நெறுநெறுத்தால் இன்னொரு பதம். ஈரம் மிச்சம் இருந்தால் தைலம் கெட்டு, அதிலேயே கிருமி வளரும். மயில்துத்தம் சேர்ந்தது, ஊமத்தை சேர்ந்தது, இதை வீட்டில் காய்ச்சவோ வாயில் படவோ கூடாது.

ஆடாதோடையைக் குடிநீராகக் கொடுக்கிறோம். அதிலிருக்கும் வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் ப்ரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள். இன்று குழந்தைகளுக்கு எழுதிக்கொடுக்கும் ஆம்ப்ராக்சால் அதன் வாரிசு. ஆகையால் இந்த இரண்டு வைத்தியமும் ஒன்றுக்கொன்று அந்நியம் இல்லை.

அகார்தட்டு | செவ்வாய், காலை 8.30

சித்த டாக்டர், நீங்கள் எடுக்கும் முறையைப் பற்றி எழுதியதும் எனக்குச் சீன விஞ்ஞானி தூ யூயூ நினைவுக்கு வந்தார். மலேரியாவுக்கு ஒரு செடியை ஆராய்ந்தபோது கொதிக்க வைத்துப் பார்த்துத் தோற்றார்கள். நாலாம் நூற்றாண்டுச் சீன மருத்துவ நூலொன்றில் அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லையே என்று யோசித்து, குறைந்த சூட்டில் ஈதர் என்ற கரைப்பானில் எடுத்தார். ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்தது. 2015இல் நோபல் பரிசு. மலேரியா பாக்டீரியா இல்லை, ஒட்டுண்ணி. ஆனால் பழைய நூலின் ஒரு வரியை அந்த அளவுக்குக் கூர்ந்து படித்தது எனக்குப் பெரிய பாடம்.

இன்னொன்று, முழுச் செடியா, பிரித்தெடுத்த ஒரே பொருளா என்ற சண்டை. மரமஞ்சளில் பெர்பெரின் என்ற மஞ்சள் நிறப் பொருள் இருக்கிறது, கிருமியைக் கொல்லும் தன்மை உள்ளது. ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் தன் தோலில் ஒரு பம்பு வைத்திருக்கிறது. நம் கிணற்று மோட்டார் மாதிரி, உள்ளே வந்த பெர்பெரினை இறைத்து வெளியே கொட்டிவிடும். பெர்பெரின் உள்ள சில பெர்பெரிஸ் செடிகளிலேயே இன்னொரு பொருளும் இருக்கிறது, அது தனியாகக் கிருமியை ஒன்றும் செய்யாது. அதன் வேலை அந்தப் பம்பை அடைப்பது மட்டும். 2000இல் இதை ஆராய்ச்சியில் காட்டினார்கள். செடி தனக்குத் தேவையான இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது. பெர்பெரினை மட்டும் பிரித்தால் பாதி வேலை போய்விடுகிறது.

மஞ்சக்காடு | செவ்வாய், பகல் 12.15

மஞ்சளுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். புண் ஆற்ற மஞ்சள் என்று 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டிச் சண்டை போட்டு 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. இன்னொன்றும் கேள்விப்பட்டேன். மஞ்சளோடு மிளகு சேர்த்தால் ரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு ஏறுமாம். எங்கள் வீட்டில் பாலில் மஞ்சளும் மிளகும் சேர்த்துத்தான் குடிப்போம்.

அகார்தட்டு | செவ்வாய், பகல் 1.00

ஆமாங்க, 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வு அது. 2 கிராம் குர்குமினும், மிளகில் இருக்கும் பைப்பரின் என்ற பொருள் 20 மில்லிகிராமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் தனியாகக் குடித்தபோது ரத்தத்தில் ஏறியதே மிகக் கொஞ்சம், இருபது மடங்கு ஆனாலும் கொஞ்சம்தான். பாலில் போடும் சிட்டிகைக்குப் பயம் இல்லை. குர்குமினையும் பைப்பரினையும் செறிவாக்கி விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் பற்றிய பதிவுகள் உண்டு. பைப்பரின் மற்ற மருந்துகளையும் கூடுதலாக ரத்தத்தில் ஏற்றும். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

தறிக்கூடம் | செவ்வாய், இரவு 11.20

பல்லடம் பக்கம் எங்களுக்கு விசைத்தறி. ராத்திரி சிப்டில் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் ஐயனுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. போன வருடம் தறியில் கட்டைவிரல் இடித்தது. சின்னக் காயம். வலியே இல்லை என்றார். ஊரில் எல்லோரும் கை வைத்தியம் சொன்னார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டினோம். மேலே பார்த்தால் ஆறுகிற மாதிரிதான் இருந்தது, பச்சையாகக் காய்ந்துபோய். பன்னிரண்டு நாள் கழித்து கட்டைப் பிரித்தபோது வந்த வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். எலும்புவரை போய்விட்டது, முதல் வாரமே வந்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்றார்கள்.

வேம்பையோ மஞ்சளையோ நான் குறை சொல்லவில்லை. வலி இல்லாததை நல்லது என்று நினைத்துவிட்டோம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

குடிநீர்ச்சட்டி | புதன், காலை 6.50

தம்பி, எழுதியதற்கு நன்றி. என்னிடம் வரும் ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் நான் சொல்வது இது: காலில் உணர்வு மங்கியவருக்கு வலி எச்சரிக்கை கொடுக்காது. காலுக்கு ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். மேலே பற்று காய்ந்து மூடிக்கொண்டால் உள்ளே காற்று படாத இடத்தில் வளரும் கிருமிக்கு வசதியாகிவிடும். சர்க்கரைக்காரர் காலில் காயம் என்றால் நான் இலை கட்டுவதில்லை, அன்றே அறுவை மருத்துவரிடம் அனுப்புகிறேன். ஐயன் இப்போது எப்படி இருக்கிறார்?

எந்தக் காயமானாலும் சரி, வரப்பில் பறித்த இலையில் மண் இருக்கும், மண்ணில் தனுர்வாயுக் கிருமியின் விதை இருக்கும். தனுர்வாயுத் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் உள்ளே புகட்டும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதனால் வலிப்பு வந்து, ஈரல் கெட்டு உயிரே போயிருக்கிறது. தலையில் தடவுவதோடு நிறுத்துங்கள்.

தறிக்கூடம் | புதன், காலை 7.30

நடக்கிறாருங்க. தறிக்கு வர வேண்டாம் என்றாலும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அந்தியூர்_அம்மிணி | புதன், காலை 9.10

படித்துக் கண் கலங்கிவிட்டது சாமி. அகார்தட்டுக் கண்ணு, நீ சொன்ன குப்பைமேனி விசயத்தை என் மருமகளிடமும் சொல்லிவிட்டேன். சரி, ஒரு சந்தேகம். முட்டி வீக்கத்துக்கு நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுக்கிறேன், முடக்கத்தான் தோசை சுடுகிறேன். அதாவது செய்யலாமா?

ஓய்வில்_கால்நடை | புதன், காலை 10.00

தாராளமாகச் செய்யுங்கள் அக்கா. தேய்மானத்தால் வரும் வீக்கம் வேறு, கிருமியால் வரும் வீக்கம் வேறு. நொச்சிக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு, சூடும் சேர்ந்தால் இதமாக இருக்கும். ஆனால் ஒரே முட்டி திடீரென்று சிவந்து, கொதித்து, காய்ச்சலும் வந்தால் ஒத்தடம் வேண்டாம். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம்.

மாட்டு மடியிலும் இதே கதைதான். வீங்கிய மடிக்குள் வெள்ளையணுக்கள் கோடிக் கணக்கில் இறங்கிச் சண்டை போடுகின்றன. பாலில் வரும் திரிகள் அந்தச் செத்த அணுக்களின் கட்டிகள். ரத்தத்திலிருந்து உப்பும் பாலில் கசியும். ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தக் காலத்தில் எங்கள் ஐயன் அப்படித்தான் கண்டுபிடிப்பார். நீங்கள் நாக்கில் வைக்காதீர்கள், கறுப்புத் தட்டில் பீச்சிப் பாருங்கள், திரி பளிச்சென்று தெரியும். வீக்கம் வடிந்ததைப் பார்த்து மட்டும் நோய் போயிற்று என்று முடிவு செய்யக் கூடாது. பாலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சாதாரண பென்சிலினுக்குக் கேட்ட மடி, நான் ஓய்வு பெறும்போது செப்ட்ரியாக்சோனுக்கும் அசையவில்லை. மனிதனுக்கு நிமோனியாவுக்குப் போடும் அதே மருந்து அது, இங்கே ஒரு ஊசிக்காரர் பையில் கிடக்கிறது. உலகம் முழுக்க மருந்துக்கு அடங்காத கிருமியால் 2019இல் மட்டும் நேரடியாகச் செத்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே 2019இல்தான் உணவுக்காக வளர்க்கும் கோழி, மாடு, மீன்களுக்குக் கோலிஸ்டின் கொடுக்க நம் அரசு தடை போட்டது. மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து அது. கற்றாழையால் பத்து மடியில் நான்கு மடிக்கு ஊசி தேவைப்படாமல் போனால்கூட, அந்த நான்கு ஊசி மிச்சம்தானே? அதற்காகத்தான் இந்த வயதிலும் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

கொறங்காட்டுக்காரன் | அடுத்த செவ்வாய், இரவு 8.15

எல்லோருக்கும் சொல்ல வேண்டியது என் கடமை. ரிசல்ட் வந்துவிட்டது. செவலைக்கு டாக்டருங்க சொன்ன ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தான். நாங்கள் முதலில் போட்ட மருந்துக்கு அது அடங்காது என்று தாளில் வந்திருக்கிறது. இரண்டு மருந்துக்குக் கேட்குமாம். ஆனாலும் ஊர் மருத்துவர் மடியை அமுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே நார் பாய்ந்து கட்டியாகிவிட்டது, இந்தக் காம்பை வற்ற விட்டுவிடுவதுதான் மற்ற மூன்றுக்கும் மற்ற மாடுகளுக்கும் நல்லது என்றார். கேட்டதும் கஷ்டமாகத்தான் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டோம். செவலையை இனிக் கடைசியாகத்தான் கறக்கிறோம், கறந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம்.

கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி எடுக்கிறோம். கறவை முடிந்து அரை மணி நேரம் காம்பு வாய் திறந்தே இருக்குமாமே, அதனால் அப்போது படுக்க விடாமல் சோளத்தட்டைப் போட்டு நிற்க வைக்கிறோம். இத்தனை வருடம் கறந்தும் எனக்கு இது தெரியாது.

முந்தாநாள் கருப்பியின் முன் காம்பில் கறுப்புத் தட்டில் இரண்டு திரி தெரிந்தது. வீக்கமே இல்லை. உடனே கற்றாழை அரைத்தோம். நான், வீட்டுக்காரம்மா, கட்டுத்தரையில் வேலை செய்யும் பையன், மூன்று பேரும் முறை போட்டுக்கொண்டு பத்துத் தடவை. ராத்திரி பதினொரு மணிக்கு லைட் பிடித்துக்கொண்டு ஒரு தடவை. தினமும் புதிதாக அரைத்ததுதான். இன்று காலை தட்டில் திரி இல்லை. ஐந்து நாளும் விடாமல் பூசுவோம்.

ஓய்வில்_கால்நடை | அடுத்த செவ்வாய், இரவு 8.40

நல்லது. ஐந்தாம் நாள் முடிந்ததும் அந்தக் காம்புப் பாலையும் ஒரு சீசா கொடுத்துப் பாருங்கள். திரி இல்லை என்பதால் கிருமி இல்லை என்று ஆகாது.

மஞ்சக்காடு | அடுத்த செவ்வாய், இரவு 9.05

அண்ணா, எங்கள் தோட்டத்தில் கற்றாழை இல்லை, வேலியோரம் வைக்கலாம் என்றிருக்கிறேன். பக்கக் கன்று இருந்தால் நாலு கொடுப்பீர்களா? வியாழக்கிழமை கருங்கல்பாளையம் சந்தைக்கு வருகிறேன். பதிலுக்குப் புது விரலி ஐந்து கிலோ கொண்டு வருகிறேன்.

கொறங்காட்டுக்காரன் | அடுத்த செவ்வாய், இரவு 9.20

சந்தைக்கு நானும் வருகிறேனுங்க தம்பி. சாக்கில் போட்டு இருபது கன்று எடுத்து வருகிறேன். மாடு வைத்திருக்கிற வேறு யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள்.